கொழும்பு சைட்டிலிருந்து கனடா, அவுஸ்திரேலியா: நிர்மாண முகாமையாளர் தன் கோப்பைத் தயாரிக்கும் முறை

கட்டட வேலையில் பத்து, பன்னிரண்டு வருடம் ஊறியவர்களுக்குக் குடியேற்ற விண்ணப்பத்தில் அனுபவம் குறைவதில்லை. அதைக் காட்டும் காகிதம்தான் குறைகிறது. பைல் அடித்த நாளிலிருந்து கூரைக் கொங்கிறீற் வரை ஒரு 20 மாடிக் கட்டடத்தை நடத்தி முடித்தவருக்குக் கம்பனி கொடுத்த கடிதத்தில், "இவர் எமது நிறுவனத்தில் இன்ன திகதி முதல் பணிபுரிந்தார், நன்னடத்தையுள்ளவர்" என்று இரண்டே வரி இருக்கும். கோப்பைத் திறக்கும் அதிகாரி அந்தக் கட்டடத்தைக் கண்டவரல்லர். அவர் கையில் இருப்பது அந்த இரண்டு வரிதான். வேலையை விட்டபிறகு இதைத் திருத்துவது கடினம், வேலையில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

முதலில் உங்கள் இலக்கம் எது?

கனடா ஒவ்வொரு தொழிலுக்கும் என்.ஓ.சி. இலக்கம் ஒன்று வைத்திருக்கிறது. நிர்மாண முகாமையாளருக்கு 70010. டீர் 0 எனப்படும் முகாமைத்துவ நிலையில் இது வருகிறது. பழைய வழிகாட்டிகளில் 0711 என்று கண்டால், அது 2022 நவம்பருக்கு முந்திய முறை.

நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயர் இங்கே பெரிய விடயமில்லை. நம் கம்பனிகளில் ஒரே வேலையைச் செய்பவரை ஓரிடத்தில் புரொஜெக்ட் எஞ்சினியர் என்பார்கள், இன்னோரிடத்தில் சைட் மனேஜர், வேறோரிடத்தில் வெறும் சைட் இன்சார்ஜ். அதிகாரி பார்ப்பது கடமைகளை. 70010இன் கடமைகளை நம் சைட் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: வேலையைத் தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை திட்டமிட்டு நடத்துவது, செலவு மதிப்பீடும் பட்ஜெட்டும் தயாரிப்பது, வேலைத்திட்டம் வரைந்து முன்னேற்றத்தை அதோடு ஒப்பிடுவது, கட்டடக்கலைஞர், கன்சல்டன்ட், சப் கொந்தராத்துக்காரர் ஆகியோருடன் ஒப்பந்தத்தையும் வேரியேஷனையும் (இடையில் வரும் வேலை மாற்றங்கள்) பேசி முடிப்பது, தரக் கட்டுப்பாட்டு முறையை நடைமுறைப்படுத்துவது, வாடிக்கையாளருக்கு முன்னேற்ற அறிக்கை கொடுப்பது, பொருள் கொள்வனவை வழிநடத்துவது, சப் கொந்தராத்துக்காரரையும் கீழுள்ள ஊழியரையும் எடுத்து மேற்பார்வை செய்வது. எல்லாமே செய்திருக்க வேண்டியதில்லை. கணிசமானவை உங்கள் கையால் நடந்திருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உங்களை இப்படிக் கேளுங்கள். மாஸ்டர் புரோகிராமில் யார் கையெழுத்து? பிளம்பிங் வேலைக்கு வந்த மூன்று விலைகளில் எதை எடுப்பதென்று யார் முடிவு செய்தார்? மாதாந்த பில்லில் கன்சல்டன்ட் வெட்டிய தொகைக்கு யார் போய் வாதாடினார்? மூன்றுக்கும் விடை நீங்கள் என்றால் 70010 பொருந்தும். உங்கள் நாள் கம்பி கட்டியதைச் சரிபார்ப்பதிலும் 7 நாள், 28 நாள் கியூப் டெஸ்ட்டுக்கு மாதிரி எடுப்பதிலும் போனால் 22300 என்ற சிவில் தொழில்நுட்பவியலாளர் இலக்கம் நெருக்கமானது. வடிவமைப்பும் கணிப்பும் என்றால் 21300, சிவில் பொறியியலாளர். கியூ.எஸ். எனப்படும் அளவை மதிப்பீட்டாளர்கள் 22303 என்ற நிர்மாண மதிப்பீட்டாளர் இலக்கத்துக்குள் வருவார்கள். அதிலேயே அவர்களின் பெயரும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. வீடு கட்டும் சிறு வேலைகளை நடத்துபவருக்கு 70011.

பெரிய பதவி என்றால் கூடுதல் புள்ளி என்று நினைத்து 70010ஐ எடுப்பவர்கள் பலர். அப்படி ஒரு கூடுதல் புள்ளி இல்லை. டீர் 0, 1, 2, 3 ஆகிய நான்கிலும் வெளிநாட்டு அனுபவம் ஒரே மாதிரித்தான் எண்ணப்படுகிறது. பொருந்தாத இலக்கத்தைப் போட்டால் நிராகரிப்பு மட்டுமே மிச்சம்.

கடிதம்

கடிதம் கம்பனியின் தலைப்புத் தாளில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கட்டாயம் இருக்கவேண்டியவை: உங்கள் முழுப்பெயர், கம்பனியின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும், நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவியும் அதன் தொடக்க, முடிவுத் திகதியும், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், வருடச் சம்பளமும் கொடுப்பனவுகளும், ஒவ்வொரு பதவியிலும் செய்த கடமைகள். இன்னும் அங்கேயே வேலை செய்கிறீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம்.

"2015 முதல் 2023 வரை சைட் எஞ்சினியராகவும் புரொஜெக்ட் மனேஜராகவும்" என்று ஒரே மூச்சில் எழுதுவது முதல் பிழை. பதவி உயர்வு எந்த மாதம் வந்தது என்று தெரியாவிட்டால் எந்த வருடங்களை முகாமையாளர் அனுபவமாக எடுப்பதென்று அதிகாரிக்குத் தெரியாது. இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிக் கடமைகள் எழுத வேண்டும். "முழுநேரம்" என்று மட்டும் எழுதுவது அடுத்தது. "வாரத்துக்கு 45 மணிநேரம்" என்று இலக்கம் போடச் சொல்லுங்கள். கனடாவுக்கு வாரம் 30 மணிநேரம் முழுநேரம். வருடத்துக்கு 1,560 மணிநேரம். நீங்கள் சனிக்கிழமை முழுநாளும் நின்று 60 மணிநேரம் செய்தாலும் ஒரு வருடத்தை எட்டு மாதத்தில் முடிக்க முடியாது. 30க்கு மேற்பட்டது எண்ணப்படாது.

மூன்றாவது பிழை, என்.ஓ.சி. பக்கத்தில் உள்ள கடமைகளை வரிக்கு வரி அப்படியே கடிதத்தில் ஒட்டுவது. அதிகாரி அந்தப் பக்கத்தைத் தினமும் பார்ப்பவர். தன் சொற்களே திரும்பி வந்தால் கடிதத்தை நம்ப மாட்டார். ஒரே கடமையை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

மெலிந்த வரி: "கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தார், சப் கொந்தராத்துக்காரரை ஒருங்கிணைத்தார்."

வலுவான வரி: "கொழும்பு 5இல் 14 மாடிக் குடியிருப்புக் கட்டடமொன்றின் வேலைத்திட்டத்தைத் தயாரித்தார், வாராந்தம் முன்னேற்றத்தை அளந்து, பின்தங்கிய மாடிகளுக்கு மீட்புத் திட்டம் கொடுத்தார். ஷட்டரிங், மின்சாரம், குழாய், அலுமினியம் ஆகிய வேலைகளுக்கு விலைகோரி, ஒப்பிட்டு, சப் கொந்தராத்துக்காரரைத் தெரிவு செய்து, அவர்களின் மாதாந்த பில்களை அங்கீகரித்தார். வாடிக்கையாளரின் வடிவமைப்பு மாற்றங்களால் வந்த வேரியேஷன்களுக்கு விலை தயாரித்துக் கன்சல்டன்டுடன் பேசி முடித்தார்."

இரண்டாவதில் திட்டமிடல், கொள்வனவு, ஒப்பந்தப் பேச்சு ஆகிய மூன்றும் தெரிகின்றன. நடந்த இடமும் தெரிகிறது. இப்படி ஆறு முதல் எட்டுக் கடமைகள் போதும். பக்கம் பக்கமாக வேண்டாம்.

கம்பனி மனிதவளப் பிரிவு "எங்களிடம் ஒரே மாதிரிப் படிவம்தான், கடமைகள் எழுத மாட்டோம்" என்று சொல்வது கொழும்பில் சாதாரணம். அப்போது இரண்டு காகிதம் எடுங்கள். ஒன்று அவர்கள் தரும் சேவைக் கடிதம். மற்றது உங்கள் நேரடி மேலதிகாரி, அதாவது பணிப்பாளரோ பொது முகாமையாளரோ, கடமைகளை விபரித்து ஒப்பமிட்ட கடிதம். அவருடைய விசிட்டிங் கார்ட், கம்பனி மின்னஞ்சல் இரண்டையும் சேருங்கள். இலவச மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தால் சந்தேகம் வரும். ஏன் இரண்டு கடிதம் என்று அரைப் பக்க விளக்கக் கடிதமும் வையுங்கள்.

கடிதத்துக்குத் துணை

நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் கூற்று, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு விபரம், வருமான வரி கழித்ததற்குக் கம்பனி தரும் டி.10 சான்றிதழ். எல்லாவற்றிலும் சேமலாப நிதிக்குத்தான் எடை அதிகம். கம்பனியே மூடினாலும் மத்திய வங்கியில் உங்கள் பதிவு இருக்கும்.

அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நிர்மாணக் கம்பனிகள் பல, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சேமலாப நிதி கட்டி, மிச்சத்தை சைட் கொடுப்பனவு, பயணக் கொடுப்பனவு என்று தருகின்றன. கடிதத்தில் மாதம் 250,000 ரூபா என்று இருக்கும். கணக்கிலோ 60,000 ரூபா அடிப்படைக்கு ஊழியர் பங்கு 8 வீதமாக 4,800, கம்பனி பங்கு 12 வீதமாக 7,200, ஆக 12,000 ரூபா மட்டும் விழும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கடிதம் பொய்போலத் தோன்றும். இதற்குத் தீர்வு எளிது: கடிதத்திலேயே அடிப்படை இவ்வளவு, இன்ன கொடுப்பனவு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

2022 நெருக்கடியில் கொழும்பில் பல சைட்டுகள் நின்றன, சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தவர்கள் உண்டு. அந்த மாதங்களை வேலை செய்ததாகக் காட்ட வேண்டாம். பெடரல் ஸ்கில்ட் வேர்க்கர் எனப்படும் கனடாவின் திறமைத் தொழிலாளர் வழிக்குக் கடந்த 10 வருடத்துக்குள் ஒரே தொழிலில் இடைவெளியில்லாத ஒரு வருடம் போதும். இடைவெளிக்கு முன்னாலோ பின்னாலோ அந்த ஒரு வருடம் முழுமையாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சொந்தமாகக் கொந்தராத்து எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் தனக்குத் தானே எழுதும் கடிதம் செல்லாது, மூன்றாம் தரப்பின் ஆவணம் வேண்டும். வியாபாரப் பதிவு, நிர்மாணத் தொழிற்றுறை அபிவிருத்தி அதிகாரசபையான சீடாவில் உங்கள் தரப் பதிவு, வேலை வழங்கல் கடிதம், இடைக்காலக் கொடுப்பனவுச் சான்றிதழ்கள், வேலை முடிந்ததற்கான சான்று, வரிக் கோப்பு, வாடிக்கையாளர் எழுதிய கடிதம். வாடிக்கையாளர் கடிதத்திலும் நீங்கள் செய்த கடமைகள் இருக்க வேண்டும்.

இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று: ஒரு தாளில் நீங்கள் நடத்திய ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரி. இடம், மாடி எண்ணிக்கை, தளப் பரப்பு, ஒப்பந்தப் பெறுமதி, நீங்கள் போன மாதமும் வந்த மாதமும், உங்களுக்குக் கீழ் எத்தனை பேர், மேலே யார். கடிதம் எழுதுபவருக்கு இதைக் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும். கம்பனியின் பி.ஓ.கியூ. (வேலை அளவு, விலைப் பட்டியல்), வரைபடம் போன்றவற்றைப் பிரதியெடுத்துக் கோப்பில் போடாதீர்கள். அவை கம்பனியின் சொத்து, அதிகாரிக்கும் தேவையில்லை.

புள்ளிக் கணக்கு

கனடாவுக்கு இரண்டு கணக்கு இருக்கிறது, பலர் இவற்றைக் குழப்புகிறார்கள். முதலாவது, மேலே சொன்ன வழிக்கான நுழைவுக் கணக்கு: 100க்கு 67 வேண்டும். இரண்டாவது சி.ஆர்.எஸ். எனப்படும் போட்டிக் கணக்கு: இதில் புள்ளி கூடியவர்களுக்கே விண்ணப்பிக்க அழைப்பு வரும்.

34 வயது, நான்கு வருடப் பட்டம், ஆறு வருட அனுபவம் உள்ள ஒருவரை எடுப்போம். நுழைவுக் கணக்கில் வயதுக்கு 12, பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 15, ஆக 48. மொழியில், சி.எல்.பி. என்ற கனடா மொழி அளவுகோலில் குறைந்தபட்ச மட்டமான 7 எடுத்தால் 16, மொத்தம் 64. தகுதி இல்லை! குறைந்தபட்ச மொழி மட்டம் இருக்கிறதென்று நம்பியிருப்பவர் இங்கே தடுக்கி விழுவார். சி.எல்.பி. 8 எடுத்தால் 68. அல்லது துணைவர் சி.எல்.பி. 4 மட்டத்தில் பரீட்சை எழுதினால் 5 புள்ளி சேர்ந்து 69.

போட்டிக் கணக்கில் மொழியின் எடை இன்னும் பெரிது. அதே ஆள், தனியாள், சி.எல்.பி. 7இல் 309 புள்ளி எடுப்பார். சி.எல்.பி. 9இல் 402. ஐ.ஈ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சிப் பரீட்சையில் சி.எல்.பி. 9 என்பது கேட்டல் 8, வாசிப்பு 7, எழுத்து 7, பேச்சு 7. எழுத்தில் மட்டும் 6.5 வந்தால் அந்தத் திறனுக்கு 8 புள்ளி குறையும். அதோடு, நான்கிலும் சி.எல்.பி. 9 இருந்தால் மட்டும் முழுதாகக் கிடைக்கும், கல்வியும் மொழியும் சேர்ந்து தரும் புள்ளி 25இலிருந்து 13க்கும், அனுபவமும் மொழியும் சேர்ந்து தரும் புள்ளி 50இலிருந்து 25க்கும் இறங்கும். அரை மதிப்பெண்ணுக்கு 45 புள்ளி. சைட்டில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர்களும் எழுத்துப் பகுதியில்தான் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் பழக்கம் குறுவரிக் கடிதத்தில் இருக்கிறது, பரீட்சை கேட்பது 250 சொல்லில் வாதம். எட்டு, பத்து வாரம் ஒதுக்கி, எழுதியதை ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். பெறுபேறு இரண்டு வருடம் செல்லுபடியாகும்.

இன்னொரு விடயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சி.ஆர்.எஸ்.இல் வெளிநாட்டு அனுபவம் மூன்று வருடத்தோடு உச்சத்துக்குப் போய்விடும், வயதோ 30இலிருந்து வருடத்துக்கு 5, 6 புள்ளி என்று குறையும். 29இல் 110, 34இல் 83, 40இல் 50. "இன்னும் கொஞ்சம் அனுபவம் எடுத்துவிட்டுப் போடுவோம்" என்று காத்திருப்பவருக்கு நட்டம்தான்.

402 போதுமா? 2024இன் பொது அழைப்புச் சுற்றுகளின் வெட்டுப்புள்ளிகள் 500க்கு மேலேயே இருந்தன. ஆகவே மேலதிகப் புள்ளி தேட வேண்டும். பட்டத்தோடு இன்னொரு அங்கீகரிக்கப்பட்ட கல்வி இருந்தால் 402 என்பது 435 ஆகும். எச்.என்.டி. அல்லது என்.டி.டி. முடித்துப் பிறகு பட்டம் எடுத்தவர்கள் அந்த டிப்ளோமாவை மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் விடுவதுண்டு, அனுப்புங்கள். அது எதற்குச் சமமென்று மதிப்பிடுகிறார்களோ அதைப் பொறுத்தே புள்ளி. பிரெஞ்சில் நான்கு திறனிலும் மட்டம் 7, ஆங்கிலத்தில் மட்டம் 5 இருந்தால் 50 புள்ளி, அதோடு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனி அழைப்புச் சுற்றுகளும் திறக்கும். கொழும்பில் அலியான்ஸ் பிரான்ஸேஸில் படிக்கலாம். ஒன்றரை இரண்டு வருட உழைப்பு. கனடா மாகாணமொன்றின் நியமனம் கிடைத்தால் 600. மாகாணங்களின் தொழிற் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றின் தளத்தையும் மாதம் ஒரு முறை பாருங்கள்.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த சி.ஆர்.எஸ். புள்ளி 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் "எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை எடுக்கக் கனடா முதலாளி பெறும் அனுமதி) எடுத்துத் தருகிறோம், புள்ளி கூடும்" என்று இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். காசுக்குக் கனடா விண்ணப்பம் செய்து தர உரிமையுள்ளவர்கள் அங்கே உரிமம் பெற்ற ஆலோசகரும் சட்டத்தரணியும் சட்டச் சங்கத்தில் பதிவுபெற்ற பராலீகலும் கியூபெக் நொத்தாரிசும் மட்டுமே. ஆலோசகரின் பெயரை, அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அவர்கள் செய்த பொய்யும் உங்கள் பொய்யாகவே எண்ணப்படும். ஐந்து வருடத் தடை வரும்.

அவுஸ்திரேலியா

வயது கூடியவருக்கும் நீண்ட அனுபவமுள்ளவருக்கும் அவுஸ்திரேலியாவின் புள்ளிக் கணக்கு நன்றாக இருக்கலாம். தொழில் இலக்கம் 133111, தொழில் தகுதியை மதிப்பிடும் நிறுவனம் வெட்டாசெஸ். பட்ட மட்டக் கல்வி பொருத்தமாக இருக்க வேண்டும். கடந்த ஐந்து வருடத்துக்குள் குறைந்தது ஒரு வருடம் அந்த மட்டத்தில் வேலையும் வேண்டும். இங்கே கம்பனியின் நிறுவன அமைப்பு வரைபடம் கேட்பார்கள்: உங்களுக்கு மேல் யார், கீழ் யார், பதவிப் பெயரோடு. இது இல்லாமல் போய் நேரம் வீணடிப்பவர்கள் அதிகம். மதிப்பீட்டில் முதல் வருடமோ வருடங்களோ "தகுதி பெறுவதற்காக" கழிக்கப்படும், மிச்சம்தான் புள்ளிக்கு. ஆகவே 8 வருடம் என்று நினைத்தது 7 ஆக வந்து, 15க்குப் பதிலாக 10 புள்ளி கிடைக்கலாம்.

குறைந்தது 65 புள்ளி, அழைப்பு வரும்போது 45 வயதுக்குள். 25 முதல் 32 வயதுக்கு 30, 33 முதல் 39க்கு 25, 40 முதல் 44க்கு 15. ஐ.ஈ.எல்.டி.எஸ். நான்கிலும் 7க்கு 10, நான்கிலும் 8க்கு 20. பட்டத்துக்கு 15. கியூ.எஸ். ஆனவர்கள் 133111ஐத் தேடாமல் 233213ஐப் பார்க்கட்டும். பொறியியலாளர்கள், இலங்கை பொறியியலாளர் நிறுவகம் 2014 முதல் வாஷிங்டன் உடன்பாட்டில் இருப்பதால், தங்கள் பட்டம் அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்த்து 233211 வழியையும் ஒப்பிடலாம்.

பெயரும் திகதியும் காசும்

நம் பெயரமைப்பு தனிப் பிரச்சினை. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு பக்கம், பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டு வேறு, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கம்பனிக் கடிதத்தில் கூப்பிடு பெயர். எல்லாவற்றையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் "இவை யாவும் ஒரே ஆள்" என்று சத்தியக் கடதாசி ஒன்றை முடியுங்கள். கம்பனிக் கடிதத்தைக் கடவுச்சீட்டின்படியே எழுதச் சொல்லுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும்.

கனடாவுக்கான கல்வி மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகமே பெறுபேற்று ஆவணத்தை நேரடியாக அனுப்ப வேண்டும். இதற்குப் பரீட்சைப் பிரிவில் வாரக்கணக்கில் ஆகும், ஆகவே மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் காலத்திலேயே விண்ணப்பித்து விடுங்கள். மதிப்பீடு ஐந்து வருடம் செல்லுபடியாகும். குடியேறுவதற்குக் கையில் காசு இருக்கிறதென்று காட்டும் வங்கிக் கடிதத்தில் கணக்கு திறந்த திகதி, தற்போதைய மீதி, கடந்த ஆறு மாதச் சராசரி மீதி, கடன் எல்லாம் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் மாமனார் போட்ட தொகை சராசரியில் உடனே தெரியும். காணி, வீட்டுப் பெறுமதி எண்ணப்படாது. கடன் வாங்கிய காசும் செல்லாது.

கனடாவின் அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்கக் கையில் இருப்பது 60 நாள். 10 வருடத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் அறிக்கை வேண்டும். கட்டாரிலோ டுபாயிலோ வேலை செய்து திரும்பியவர்களுக்கு அந்த அறிக்கைதான் மெதுவாக வரும்; கைரேகையும் தூதரகமும் என்று இழுபடும். அழைப்புக்குக் காத்திராமல் அதை முன்கூட்டியே எடுங்கள். அந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாதவரை பழைய அறிக்கையே பிறகும் பயன்படும். இலங்கையில் இப்போது வாழ்பவருக்கு இலங்கைப் பொலிஸ் அறிக்கை விண்ணப்பிக்கும் திகதிக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதனால் அதைக் கடைசியில் எடுப்பது நல்லது.